மாமாவை முந்தியது தொடர்பாக அத்தைக்கு எழுத்துமூல விளக்கம்

கரமனை, திருவனந்தபுரம்
டிசம்பர் 21

வணக்கத்துக்குரிய அத்தை அவர்களுக்கு,

மருமகள் ரேஷ்மி பணிவுடன் எழுதுவது. நாகர்கோவிலில் நீங்களும் நாத்தனாரும், பிறந்து இருபத்தெட்டு நாளே ஆன சின்னவனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் மகனும் பேத்தி அஞ்சுவும் சுகம். மாமாவும் சுகம், இடது முழங்கையில் இரண்டு அங்குலம் நீங்கலாக. அதுவும் பொருக்குத் தட்டிவிட்டது. நீங்கள் போகும்போது சொல்லிவிட்டுப் போனபடி கறிவேப்பிலைத் தொட்டிக்கு அரிசி கழுவிய தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.

பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். போன வாரம் முழுக்க நீங்கள் என் போனை எடுக்கவில்லை. நாத்தனார்தான் எடுத்து, "மைனி, அம்மா எதுவா இருந்தாலும் எழுத்துமூலமாத் தரச் சொல்லுகா" என்றாள். முப்பத்தோரு வருடம் தாமதமாக வந்த டீச்சர்களிடமெல்லாம் விளக்கம் எழுதி வாங்கிய தலைமை ஆசிரியை நீங்கள். ஆகவே எனக்கு இதில் வருத்தம் இல்லை. ஆனால் மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு இப்போது நான்காம் முறை எழுதுகிறேன்.

உங்களுக்கு வந்த வீடியோ பதினான்கு விநாடி ஓடுகிறது. அதில் மாமா கறுப்பு அரைக்கால் சட்டையும் தலைக்கவசமும் அணிந்து, காலில் பலகை கட்டிக்கொண்டு நடு ரோட்டில் போகிறார்கள். பின்னாலேயே நான் ஒரு கம்பை ஓங்கிக்கொண்டு போகிறேன். 'கரமனையில் மருமகள் மாமனாரை அடித்து விரட்டும் காட்சி' என்று யாரோ கீழே எழுதி நம் குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறார்கள். முதலில் ஒரு திருத்தம். அது கரமனை இல்லை, விழிஞ்ஞம். மற்றவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

அணியின் பெயர் அனந்தபுரி நெடுந்தூரப் பனிச்சறுக்கு அணி, இளையோர் மற்றும் பெரியவர் பிரிவு. திருவனந்தபுரத்தில் பனி இல்லை என்பதை இதுவரை அணிக் கூட்டத்தில் யாரும் ஒரு குறையாக எழுப்பவில்லை. ராணுவத்தில் பனிமலைக் காவலில் பதினாறு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஜெயன் சார் என்பவர் ஆரம்பித்தது. பனிக்குப் பதில் தார் ரோடு, பலகைக்கு அடியில் முன்னும் பின்னும் சக்கரம், இரண்டு கையிலும் நெஞ்சுயரக் கம்பு. பிரேக் கிடையாது. நிற்க வேண்டுமென்றால் ஓரத்துப் புல்லில் இறங்கிவிட வேண்டும். புல் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று சேர்ந்த அன்றைக்கே கேட்டேன். "அதுக்கு ஆவசியம் வராது சேச்சி" என்றார். வந்தது. முதல் வாரத்திலேயே இரண்டு முறை வந்தது.

நீங்கள் செப்டம்பரில் நாத்தனாரின் பிரசவத்துக்குப் போன மறுவாரம் அஞ்சு ஸ்கூல் வேனிலிருந்து இவர்களைப் பார்த்திருக்கிறாள். வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல், "அம்மா, எனக்கு அது வேணும்" என்றாள். பாட்டு, நீச்சல், அபாகஸ் எல்லாம் நாமாகச் சேர்த்தவை. அந்தப் பிள்ளை தானாக வாய் திறந்து கேட்டது ஒன்பது வயதில் இது ஒன்றுதான். எனக்குப் பயம். நான் எம்.எஸ்சி. புள்ளியியல் படித்தவள், பயத்தைக்கூட எண்ணித்தான் பார்ப்பேன். நேரில் போய் எத்தனை பேர் விழுகிறார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வந்து, காரண காரியத்தோடு வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்பதுதான் என் திட்டம். அங்கே போனால், பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை சேர வேண்டுமென்றால் வீட்டில் ஒரு பெரியவரும் சேர வேண்டும் என்று ஒரு விதி. உங்கள் மகனுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட். "நீயே தீர்மானி" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். நான் நோட்டும் கையுமாகச் சேர்ந்தேன். பதினோரு வாரக் கணக்கு: அஞ்சு விழுந்தது நான்கு முறை, நான் முப்பத்தோரு முறை. ஆக, பிள்ளையைத் தடுக்கப் போன என் புள்ளிவிவரம் என்னைத்தான் தடுக்கச் சொன்னது.

மாமா வந்தது குடை பிடிக்கவும் தண்ணீர் பாட்டில் தூக்கவும் மட்டுமே. இதை நீங்கள் நம்ப வேண்டும். மூன்றாம் நாள் ஓரமாக உட்கார்ந்திருந்தவர்கள் சும்மா ஒரு சக்கரத்தைச் சுற்றிக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "ஜெயா, இது செத்த பேரிங். இத வச்சு கைவண்டிகூட உருளாது" என்றார்கள். நாற்பது வருடம் சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்தவர்களுக்குக் காது பொய் சொல்லுமா? மறுநாள் அதே கடைத்தெருவில் யாரிடமோ சொல்லி நல்ல பேரிங் வாங்கி வந்து, பதினெட்டு ஜோடிக்கும் அவர்களே மாற்றினார்கள். மாற்றியதைச் சோதிக்க வேண்டும் அல்லவா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி நின்றார்கள். விழவில்லை. ஜெயன் சார் பார்த்துக்கொண்டே நின்று, "அண்ணன் நேச்சுரல் ஆணு, கேட்டோ" என்றார். அன்று ராத்திரி மாமா சாப்பிடும்போது இரண்டு முறை, "நேச்சுரல்னா என்ன அர்த்தம்மா?" என்று கேட்டார்கள். பிறவியிலேயே கைவந்தது என்று இரண்டு முறையும் சொன்னேன். நான்காம் வாரம் வேட்டி நுனி சக்கரத்தில் மாட்டிக்கொண்டதால், அணியே கூடிப் பேசி அந்த அரைக்கால் சட்டையை வாங்கிக் கொடுத்தது. எனக்கு அதில் பங்கில்லை.

இடையில் நடந்த சில்லறைச் சம்பவங்களை விட்டுவிடுகிறேன். பலகையை ஆட்டோவில் வைத்தால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்று, தம்பானூர் பஸ் ஸ்டாண்டு முன்னால் ஒரு போலீஸ்காரரின் தொப்பியைத் தட்டியது. டீக்கடைக்காரர் நாங்கள் போகும்போதெல்லாம், "சேச்சீ, மஞ்ஞு வந்நோ?" என்று கேட்பார். பனி வந்ததா என்கிறார். முதல் மாதம் தலையைக் குனிந்துகொண்டு போனேன். இப்போது, "நாளைக்கு வரும்" என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

விஷயம் நடந்தது நவம்பர் கடைசி ஞாயிறன்று. பிப்ரவரியில் காஷ்மீரில் பத்து நாள் முகாம். நிஜமான பனி. சின்னப் பிள்ளைகள் போக வேண்டுமென்றால் உடன் வரும் பெரியவர் ஐந்து கிலோமீட்டரை முப்பது நிமிடத்துக்குள் முடித்துக் காட்ட வேண்டும். பனியில் பிள்ளைக்கு ஏதாவது என்றால் பின்னாலேயே போய்ப் பிடிக்கத் தெரிய வேண்டுமே, அதற்காக. முகாம் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அஞ்சு சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் தட்டை எடுத்து வைத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு எண்ணுவாள். குளிரைப் பழகுகிறாளாம். அறுபதுக்கு மேல் முடியாமல் கையை எடுத்துவிடுவாள். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். பனிச்சரிவு, மூச்சுத்திணறல், காணாமல் போன பிள்ளைகள் என்று நான் போனில் தேடிப் படித்ததை எல்லாம் இங்கே எழுதவில்லை. நீங்களும் தூங்க வேண்டும்.

சோதனை ஓட்டம் துறைமுகச் சாலைக்குப் பக்கத்தில், இன்னும் திறக்காத சர்வீஸ் ரோட்டில். ஒரு பக்கம் மூடி போடாத ஓடை, இன்னொரு பக்கம் கட்டுமான மணல் குவியல், நடுவில் ஒரே ஒரு ஆள் போகும் தடம். எல்லோரையும் ஒன்றாக விட மாட்டார்கள். அரை நிமிடத்துக்கு ஒருவராக விடுவார்கள். பின்னால் வருகிறவர் வேகமாக இருந்தால், "வழி!" என்று குரல் கொடுக்க வேண்டும். முன்னால் இருப்பவர் மணல் பக்கம் ஒதுங்க வேண்டும். "விளிச்சா மாத்திரம் மாறினா மதி. விளிக்காம மாறினா ரெண்டு பேரும் மோதிப் போகும்" என்று, அதாவது கூப்பிட்டால் மட்டும் ஒதுங்கினால் போதும் என்று, ஜெயன் சார் மாமாவிடம் தனியாக இரண்டு முறை சொன்னார். மாமாவும் சோதனைக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். அவர்கள் தேறினாலும் பிள்ளை போகலாம் அல்லவா? சீட்டு எடுத்ததில் மாமா எட்டாவது, நான் ஒன்பதாவது, கடைசி.

முதல் கிலோமீட்டரிலேயே நான் மாமாவைப் பிடித்துவிட்டேன். அங்கே ஆரம்பித்தது சங்கடம்.

அத்தை, கல்யாணமாகி மூன்றாம் நாள் அடுப்படியில் வைத்து நீங்கள் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மாமா போகும்போது முந்திக்கிட்டுப் போகப்பிடாது. வழி விடுங்கன்னு வாயால கேக்கவும் பிடாது. பின்னால நில்லு, அவங்களா ஒதுங்குவாங்க." பத்து வருடமாக நான் இதை மீறியதில்லை. ஹால் வாசலில் மாமா பேப்பர் படித்துக்கொண்டு நின்றால், நான் பின்கட்டு வழியாகச் சுற்றி, துணி காயும் கொடிக்குக் கீழே குனிந்து, மறு வாசல் வழியாக வருகிறேன். இந்த வீட்டில் மாமாவை ஒதுங்கச் சொல்லும் உரிமை உங்கள் ஒருவருக்குத்தான். அதை நீங்கள் தினமும் காபி நேரத்தில், அடுப்படி வாசலில் பயன்படுத்துவீர்கள்.

ஆகவே நான் பின்னாலேயே போனேன். வழக்கம்போல் ஒரு முறை இருமிப் பார்த்தேன். மாமா திரும்பாமலே, "சளி பிடிச்சிருக்கா? வீட்டுக்குப் போனதும் சுக்குத் தண்ணி போட்டுக் குடி" என்றார்கள். கம்பைத் தரையில் கொஞ்சம் பலமாகத் தட்டினேன்.

"என்னம்மா, ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல மாமா."

அரை கிலோமீட்டர் போனோம்.

"சோறு வச்சிட்டா வந்தே?"

"வச்சிட்டேன் மாமா."

"குக்கர அணைச்சியா?"

அத்தை, எனக்கு நினைவில்லை. அந்த நிமிடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரம் என் மனது ஓட்டத்தில் இல்லை, கரமனையில் இருந்தது. (அணைத்திருந்தேன்.)

திரும்பும் இடத்தில் ஒரு தார் பீப்பாய். அதைச் சுற்றி வரும்போது ஒரு நாய் எழுந்தது. இந்தப் பக்கத்து நாய்களுக்குச் சக்கரச் சத்தம் ஆகாது. அது நேராக மாமாவின் கெண்டைக்காலைக் குறிவைத்து வந்தது. நான் கம்பை ஓங்கியது அந்த நாயை நோக்கி. பார்த்துக்கொண்டு நின்ற யாரோ ஒருவர் போனை நெடுக்கையாகப் பிடித்ததால், படத்தில் மாமா இருக்கிறார்கள், நான் இருக்கிறேன், கம்பு இருக்கிறது, நாய் மட்டும் இல்லை. வீடியோ பற்றிய விளக்கம் இவ்வளவுதான். இத்தோடு முடித்துக்கொண்டால் கடிதம் நன்றாக இருக்கும். ஆனால் நீங்கள் கேட்டது முழு விளக்கம்.

மாமா நல்ல ஓட்டம், ஆனால் ஒரே சீர். அந்தச் சீரில் போனால் அவர்கள் முப்பது நிமிடம் ஐம்பது விநாடியில் முடிப்பார்கள். அரை நிமிடம் பிந்திப் புறப்பட்ட நான், அவர்களுக்குப் பின்னாலேயே போனால் முப்பது நிமிடம் இருபது விநாடி. இரண்டு பேரும் தேற மாட்டோம். கணக்கு எனக்கு மூன்றாம் கிலோமீட்டரிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்ததும் என்ன வந்தது என்றால், நிம்மதி. பிள்ளை போக வேண்டாம். நான் தடுத்ததாகவும் ஆகாது. மரியாதை காரணமாக மாமாவை முந்தவில்லை, அவ்வளவுதான், ஊரே மெச்சும். பலகையின்மேல் இவ்வளவு வசதியாக நான் அதற்கு முன் போனதே இல்லை.

அஞ்சு தன் இரண்டு கிலோமீட்டரை முடித்துவிட்டு, பலகையைக் கழற்றிவிட்டு, மணல் ஓரமாக எங்கள் கூடவே ஓடி வந்தாள். "அம்மா, விளி! வழி கேளு அம்மா!" என்று கத்தினாள். பிறகு, "தாத்தா, ஒண்ணு மாறிக் கொடு தாத்தா!" என்று அவர்களிடம் கெஞ்சினாள். நேரம் குறிக்கும் ஓமனா சேச்சி ஸ்கூட்டரில் எங்கள் பின்னாலேயே வந்து விசில் ஊதி, "மோளே, நீ விளிச்சா கணக்கில்ல, அம்ம தன்னெ விளிக்கணும்!" என்றார். மாமாவோ விதி தவறாதவர்கள். அழைப்பு வராமல் அங்குலம்கூட நகரவில்லை.

எண்ணூறு மீட்டர் பாக்கி. அஞ்சு ஓடுவதை நிறுத்திவிட்டாள். அழுதாளா என்று பார்த்தேன், இல்லை. குனிந்து ஷூவுக்குள் போன மணலைத் தட்டினாள். பிறகு எங்களைப் பார்த்துக் கைதட்ட ஆரம்பித்தாள். "பரவால்ல அம்மா, மெல்லப் போ. அடுத்த வருஷம் போலாம்" என்றாள். என்னைத் தேற்றுகிறாள். ஒரு பிள்ளைக்கு இது எப்போது பழகியது என்று தெரியவில்லை. நான்தான் பழக்கியிருக்கிறேன்.

அதற்கப்புறம் நடந்ததற்கு நான் முழுப் பொறுப்பு ஏற்கிறேன். 'வழி' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. மாமாவைப் பார்த்து அந்தச் சொல் எனக்கு வராது. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு முறை திறந்தேன். வந்தது என் குரல் இல்லை அத்தை, உங்கள் குரல்.

"இஞ்ச பாருங்க! வழியில நிக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்லுகது! தள்ளுங்க!"

அடுப்படி வாசலில் பத்து வருடமாகக் கேட்டது. ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை. மாமா திரும்பிப் பார்க்கவில்லை, யோசிக்கவில்லை. இரண்டு பலகையோடும் அப்படியே மணலுக்குள் பாய்ந்தார்கள். பாயும்போது, "இந்தா போயிட்டேன் சரசு!" என்றார்கள். முழங்கைக் காயம் அப்போது பட்டது.

நான் நிற்கவில்லை. இதுதான் இந்த விளக்கத்தில் எழுதக் கடினமான வரி. மாமனார் மணலில் கிடக்க, மருமகள் நிற்காமல் போனாள். முன்னால் தடம் காலியாக இருந்தது, போய்விட்டேன். ஓமனா சேச்சி இருபத்தொன்பது நிமிடம் ஐம்பத்தாறு விநாடி என்றார். நான்கு விநாடி மிச்சம். நான் கோட்டைத் தாண்டி, புல் இல்லாததால் ஒரு சிமென்ட் மூட்டையில் மோதி நின்றேன். முப்பத்திரண்டாவது. அஞ்சு வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், விடவில்லை. கொஞ்சநேரம் கழித்து மாமா மீசையெல்லாம் மணலோடு கடைசியாக வந்து சேர்ந்தார்கள். கோபமா என்று பார்த்தேன். சுற்றும் முற்றும் உங்களைத் தேடினார்கள். பிறகு புரிந்துகொண்டு மணலைத் தட்டிவிட்டபடி, "மூணு மாசமாச்சு. சத்தம் கேட்டதும் வீட்டுக்கு வந்தாப்புல இருந்துது" என்றார்கள். உங்கள் காதில் போடுவதற்காக இதைச் சேர்க்கவில்லை. நடந்தது நடந்தபடி எழுதச் சொன்னீர்கள்.

இப்போது என் வேண்டுகோள். அஞ்சு போகத் தகுதி பெற்றுவிட்டாள். எனக்குப் பயம் போகவில்லை. பத்து நாள், மைனஸ் எட்டு டிகிரி, மூன்று நாள் ரயில். வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது, அந்தக் கைதட்டலைப் பார்த்த பிறகு முடியாது. உங்கள் மகன் சொல்ல மாட்டார். மாமாவைக் கேட்கவே வேண்டாம். இந்த வீட்டில் மறுபேச்சு இல்லாமல் எடுபடுகிற 'வேண்டாம்' உங்களுடையது ஒன்றுதான். ஆகவே தயவுசெய்து இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்: பிள்ளையைப் பனிக்கு அனுப்பக் கூடாது, இப்படிக்கு ஆச்சி. தபால்தலை ஒட்டிய கவரும் ஒரு படிவமும் இத்துடன் வைத்திருக்கிறேன். அவள் கோபம் உங்கள்மேல் நான்கு நாள் இருக்கும், நீங்கள் நாகர்கோவிலில் இருப்பதால் தெரியாது.

நாத்தனாருக்கு என் அன்பு. சின்னவனுக்குத் தினமும் வெந்நீர் ஊற்றிய பிறகு உச்சியில் நன்றாகத் துவட்டச் சொல்லவும். தங்கள் பாதங்களில் என் நமஸ்காரம். தங்கள் ஆசி இந்த வீட்டுக்கு எப்போதும் வேண்டும், இந்த மாதம் கொஞ்சம் கூடுதலாக.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகள்,
ரேஷ்மி

பின்குறிப்பு: மேலே கேட்ட இரண்டு வரியை எழுத வேண்டாம். கவரை ஒட்டப் போகும்போது அடுப்படியில் அஞ்சு ஐஸ் தட்டில் கை வைத்து நூறு வரை எண்ணி முடித்தாள். முடித்துவிட்டு எங்கள் யாரையும் கூப்பிடவில்லை, தானாகச் சிரித்துக்கொண்டு கையைப் பாவாடையில் துடைத்தாள். அவளுடைய முகாம் அனுமதித்தாளில் நான் அங்கேயே, மிக்சி மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மேலே சொன்ன படிவத்தை எடுத்துவிட்டேன், இத்துடன் இருப்பது வேறு. இது உங்களுடைய அணி உறுப்பினர் படிவம், பெரியவர் பிரிவு. "அந்த சவுண்டுக்கு உடமஸ்தி யாரு? அவங்கள முகாமுக்குக் கூட்டிட்டு வாங்க, தடத்துல ஆள் மாறாம நின்னா விளிக்க ஒரு ஆளு வேணும்" என்று ஜெயன் சார் மூன்று வாரமாகக் கேட்கிறார். பெயர், வயது, செருப்பு அளவு ஆறு, எல்லாம் மாமாவே நிரப்பிவிட்டார்கள். ரத்த வகை மட்டும் நீங்கள் எழுதினால் போதும்.